மலையில் ஒரு மரத்தில் கை வைக்கும் முன்

“என் பட்டா, என் மரம். நான் வெட்டினால் யார் கேட்பது?”

சமவெளியில் வாழ்ந்து பழகியவர் நீலகிரியில் பத்து சென்ட் வாங்கியதும் கேட்கிற முதல் கேள்வி இது. அவர் மேல் குற்றமில்லை. ஈரோட்டிலோ தஞ்சாவூரிலோ தன் கொல்லையில் நிற்கும் வேப்பமரத்தை வெட்ட யாரும் ஆட்சியருக்கு மனு எழுதுவதில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறியதும் குளிர் மட்டும் கூடுவதில்லை, சட்டமும் கூடுகிறது. இங்கே உங்கள் சமையலறை ஜன்னலை உரசி நிற்கிற சில்வர் ஓக்கை வெட்டவும் எழுத்து வடிவில் அனுமதி வேண்டும்.

காரணம் எளியது. சரிவில் நிற்கும் மரத்தின் அடி உங்கள் பட்டாவுக்குள் இருக்கலாம். அதன் வேர் பிடித்து வைத்திருக்கும் மண், பெரும்பாலும் கீழ்வீட்டுக்காரர் கூரைக்கு மேலே இருக்கிறது. 2009 நவம்பரில் கொட்டிய மழையில் உதகை, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு மரம் இல்லாதது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஓடையை அடைத்ததும், வீடு கட்டச் சரிவைச் செங்குத்தாக வெட்டியதும் அதில் சேரும். ஆனாலும் மலையில் வசிப்பவர் யாரும் தன் நிலத்தை மேலே இருப்பவர் நிலத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதை அந்த மழை காட்டிவிட்டுப் போனது.

இந்த அத்தியாயம் நீலகிரி மாவட்டத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. இங்கே சொல்லப்படும் அடிப்படைச் சட்டம் கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளுக்கும் பொருந்தும். அலுவலகப் பெயர்களும் நடைமுறையும் மட்டும் இடத்துக்கு இடம் சற்று மாறும்.

நான்கு சட்டங்கள், ஒரு தீர்ப்பு

சட்டப் புத்தகத்தை முழுதாகப் படிக்க வேண்டியதில்லை. எது எதைக் காக்க வந்தது என்று தெரிந்தால் போதும்.

முதலாவது, 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதிகள் மரப் பாதுகாப்புச் சட்டம். நடைமுறையில் உங்களைத் தொடுவது பெரும்பாலும் இதுதான். காடு அழிவதையும் மண் அரிப்பையும் தடுப்பது, மலையின் தோற்றத்தையும் பசுமையையும் தட்பவெப்பத்தையும் காப்பது ஆகியவை இதன் நோக்கங்கள். அறிவிக்கப்பட்ட மலைப்பகுதியில் எந்த மரத்தையும் வெட்டவோ, வேரோடு பிடுங்கவோ, எரிக்கவோ வேண்டுமானால் மாவட்டக் குழுவின் எழுத்து வடிவ அனுமதி வேண்டும். ஆட்சியர் தலைமையிலான அந்தக் குழுவில் வனத்துறைக்கு முக்கிய இடம் உண்டு. இந்தச் சட்டம் மரத்தோடு நிற்கவில்லை, சரிவில் புதிதாகச் சாகுபடி செய்வதையும் ஒழுங்குபடுத்துகிறது. மரத்தை எடுத்துவிட்டு, அந்தச் சரிவில் உருளைக்கிழங்குக்கு மண்ணைக் கொத்திவிட்டால் முதல் பெருமழையிலேயே மேல்மண் ஓடையில் போய்விடும் என்று மலைக்காரர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

இரண்டாவது, 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். தனியாருக்குச் சொந்தமாக இருந்தும் காடாகவே நிற்கிற நிலங்களுக்கு இது. உங்கள் நிலம் இதன்கீழ் அறிவிக்கப்பட்டிருந்தால், மரம் வெட்டுவது மட்டுமல்ல, நிலத்தை விற்பதற்கும் அனுமதி தேவை. பத்திரம் முடிக்கும் முன்பே வனத்துறை அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் பதில் மாறப்போவதில்லை. உங்கள் நிம்மதிதான் போகும்.

மூன்றாவது, 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டமும் அதன்கீழ் வந்த 1968-ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகளும். வெட்டிய மரம் சாலையில் போவதைப் பற்றியது இது.

நான்காவது, ஈட்டி மரத்துக்கென்றே 1994-ல் இயற்றப்பட்ட தனிச் சட்டம். தோதகத்தி என்றும் சொல்கிற இந்த மரம் கூடலூர், பந்தலூர் பக்கம் தோட்டங்களுக்குள்ளேயே நிற்கும். விலையைக் கேட்டால் யாருக்கும் கை பரபரக்கும். அதனால்தான் அதற்குத் தனிச் சட்டம் தேவைப்பட்டது. அது கால வரையறையோடு நீட்டிக்கப்பட்டு வந்த சட்டம். “அந்தச் சட்டம் முடிந்துபோச்சு சார், இப்ப வெட்டலாம்” என்று மர வியாபாரி சொன்னால், அதை நம்பி வாளை எடுக்காதீர்கள். 1955-ஆம் ஆண்டுச் சட்டமும், அடுத்து வரும் உச்ச நீதிமன்ற உத்தரவும் அதைச் சார்ந்து நிற்பவை அல்ல.

அந்த உத்தரவின் கதையும் இந்த மலையில்தான் தொடங்குகிறது. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பகுதியில் காட்டு மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்கக் கோரி 1995-ல் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால உத்தரவு இந்தியா முழுவதையும் தொட்டது. காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது பொருட்டல்ல என்றது அது. அதே உத்தரவில் தமிழ்நாட்டுக்கெனத் தனிப் பகுதி உண்டு. அதில் வனப் பகுதிகளில் மரம் வெட்ட முழுத் தடை விதிக்கப்பட்டது. நட்டு வளர்த்த மரங்களுக்கு, அவை முன்பு காடாக இல்லாத நிலத்தில் நிற்கும் பட்சத்தில், விலக்கு தரப்பட்டது. தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்களின் நிழல் மரங்களில் நட்டவற்றை மட்டும், அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ அறிக்கையில் சொன்ன வகைகளை மட்டும், அறிக்கை சொன்ன அளவுக்கு மட்டும், சட்டக் குழுவின் மேற்பார்வையில் வெட்டலாம் என்றது.

இந்த உத்தரவில் ஒரு சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: நட்டது. மரம் யாருடையது என்பதோடு, அது எப்படி வந்தது என்றும் மலையில் சட்டம் கேட்கிறது.

ஐந்து கேள்விகள்

அலுவலகத்துக்குப் போகும் முன் இந்த ஐந்துக்கும் விடை எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வுக்கு வரும் வனவர் கேட்கப் போவதும் இவற்றைத்தான்.

1. நிலம் என்ன வகை? பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் நான்கும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். மரம் புலப்பட எல்லைக்கு உள்ளேதான் நிற்கிறதா என்று சங்கிலி போட்டுப் பாருங்கள். மலையில் வேலி நேராகப் போவதில்லை, மரத்தை ஒட்டியே வளைந்து போயிருக்கும். எல்லை மரத்தை வெட்ட இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் பின்னால் சண்டை வராது. சாலையோர மரம் நெடுஞ்சாலைத் துறை அல்லது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. உங்கள் வாசலை மறைத்தாலும் நீங்கள் தொட முடியாது. கூடலூர், பந்தலூரில் இன்னொரு சிக்கல் உண்டு. 1969-ஆம் ஆண்டு ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின்கீழ் உரிமை இன்னும் தீராத நிலத்தை அங்கே “செக்‌ஷன் 17 நிலம்” என்பார்கள். நிலமே யாருடையது என்று முடிவாகாதபோது மரத்துக்கு அனுமதி கேட்டு அலைவது காலைத் தேய்க்கும் வேலை.

2. மரம் என்ன வகை? ஊர்ப்பெயரோடு மட்டும் நிறுத்தாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு மரங்களைச் சொல்லும் வழக்கம் மலையில் நிறைய. வசதிக்காக மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

சோலை மரங்கள் முதல் கூட்டம்: காட்டு நாவல், மலைச்செண்பகம், காட்டு இலவங்கம், சிவப்புப் பூப்பூக்கும் காட்டுப் பூவரசு போன்றவை. இவை மெல்ல வளரும். ஓடைக்கரையில் கூட்டமாக நின்று, மழை நின்ற பிறகும் ஓடையில் தண்ணீரைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். இவற்றைக் குழு எளிதில் விடாது. நீங்களும் கேட்காமல் இருப்பதே நல்லது.

வெளியிலிருந்து வந்தவை இரண்டாம் கூட்டம்: கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸ், சீகை, பைன், சைப்ரஸ். சோலையை வெட்டித் தீர்த்த பிறகு விறகுத் தட்டுப்பாடு வந்தபோது, 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே ஆங்கிலேயர்கள் சீகையையும் கற்பூர மரத்தையும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். இன்று புல்வெளிகளை விழுங்கி நிற்பது பெரும்பாலும் சீகைதான். “வெளிநாட்டு மரம்தானே, அதற்கு எதற்கு அனுமதி?” என்று கேட்பவர் பலர். 1955-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மரம் என்றால் மரம்தான். கற்பூர மரத்துக்கு அனுமதி விரைவாகக் கிடைக்கலாம், ஆனால் அனுமதி இல்லாமல் கிடைக்காது.

தோட்ட மரங்கள் மூன்றாம் கூட்டம்: சில்வர் ஓக், பலா, அவகாடோ என்கிற வெண்ணெய்ப்பழ மரம் போன்றவை. வழக்கமான வேளாண் முறைப்படி கிளை கழிப்பதை, கவாத்து செய்வதை, இந்தச் சட்டம் தடுக்கவில்லை. தென்மேற்குப் பருவமழைக்கு முன் சில்வர் ஓக்கின் கிளைகளைக் கழித்துத் தேயிலைக்கு வெளிச்சம் விடுவது நெடுங்காலமாக நடப்பதுதான். கவாத்து என்ற பெயரில் நடுத்தண்டைப் பாதியில் அறுத்துவிட்டு நின்றால் அதைக் கவாத்து என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சந்தனம் இந்த மூன்றிலும் சேராது. பட்டா நிலத்தில் சந்தனம் வளர்க்கலாம். வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாக மட்டுமே.

3. யார் நட்டது? உத்தரவில் அடிக்கோடிட்ட சொல் இங்கேதான் வேலை செய்கிறது. தானாக முளைத்த மரம் என்றால் உங்கள் வாதம் பலவீனமாகிறது. நட்டது என்றால் நிரூபிக்க வேண்டும். வரிசையாக, ஒரே இடைவெளியில், ஒரே பருமனில் நிற்கும் மரங்கள் தாமே சாட்சி சொல்லும். தனியாக நிற்கும் மரத்துக்கு நாற்றங்கால் ரசீது, பழைய புகைப்படம், அடங்கலில் மரக் குறிப்பு, தோட்டப் பதிவேடு இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும்.

4. எதற்காக? “வெளிச்சம் வரவில்லை”, “காட்சி மறைக்கிறது” என்று எழுதினால் மனு அங்கேயே படுத்துவிடும். வீட்டு மேல் சாய்ந்திருக்கிறது, அடித்தண்டு பொக்கையாகிவிட்டது, பட்டுப்போய்விட்டது, நிழல் ஒழுங்குக்காக வரிசையில் ஒன்று விட்டு ஒன்று கழிக்க வேண்டும், தோட்டத்தின் சொந்த விறகுத் தேவை — இப்படி உண்மையான காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். கட்டடம் கட்டத்தான் மரத்தை எடுக்கிறீர்கள் என்றால் அதை மறைக்காதீர்கள். கட்டட அனுமதி இல்லாமல் மர அனுமதி மட்டும் வாங்கி வைத்துப் பயனில்லை. வரைபடத்தை இரண்டடி தள்ளிப் போட்டால் மரம் பிழைக்கும் என்றால், பொறியாளரிடம் அதை முதலில் கேளுங்கள். பல மனுக்கள் அந்த ஒரு கேள்வியிலேயே தேவையற்றுப் போகும்.

5. வெட்டிய மரம் எங்கே போகும்? வீட்டு அடுப்புக்கா, தேயிலைத் தொழிற்சாலை விறகுக்கா, மேட்டுப்பாளையம் மர மண்டிக்கா? வெட்ட அனுமதி வேறு, எடுத்துச் செல்ல அனுமதி வேறு. முதலாவதை வாங்கிவிட்டு இரண்டாவதை மறந்து லாரி ஏற்றியவர்கள் வனச் சோதனைச் சாவடியில் இரவெல்லாம் நிற்பார்கள். மரத்தோடு லாரியும் பிடிபடலாம்.

மனு: படிப்படியாக

நீலகிரியில் உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு வட்டங்கள். வனத்துறைக் கணக்கில் நீலகிரி கோட்டம், கூடலூர் கோட்டம் என்று பிரிவு வேறு. உங்கள் நிலம் எந்தக் கோட்டம், எந்தச் சரகம் என்று கிராம நிர்வாக அலுவலரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தவறான கோட்டத்தில் கொடுத்த மனு திரும்பி வருவதற்குள் ஒரு பருவமழை போய்விடும்.

முதல் வேலை, மரங்களை எண்ணுவது. ஒவ்வொரு மரத்துக்கும் சாயத்தில் எண் போடுங்கள். ஆணி அடிக்க வேண்டாம். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவில், நூல் சுற்றிச் சுற்றளவு எடுங்கள். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் நின்று அளந்தால் உங்கள் கணக்கும் வனவர் கணக்கும் ஒத்துப் போகாது.

இரண்டாவது, படம். மரத்தின் அடி, முழு உயரம், சுற்றியுள்ள சரிவு மூன்றும் தெரிய வேண்டும். ஆபத்தான மரம் என்றால் வீட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியும் தெரியட்டும்.

மூன்றாவது, மனு. நீட்டி முழக்க வேண்டாம். இப்படி எழுதலாம்:

*அனுப்புநர்: (பெயர், முகவரி, தொலைபேசி எண்)*

*பெறுநர்: மாவட்ட வன அலுவலர், (கோட்டத்தின் பெயர்)*

*பொருள்: பட்டா நிலத்தில் உள்ள மரங்களை வெட்ட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அனுமதி கோருதல் தொடர்பாக.*

*ஐயா / அம்மையீர், (வட்டம்), (கிராமம்), சர்வே எண் (…)-ல் எனக்குச் சொந்தமான (…) ஏக்கர் நிலத்தில், என்னால் நட்டு வளர்க்கப்பட்ட (மர வகை) மரங்கள் (எண்ணிக்கை) உள்ளன. அவற்றில் 1 முதல் (…) வரை எண்ணிட்ட மரங்களை (காரணம்) காரணமாக வெட்ட வேண்டியுள்ளது. மரங்களின் பட்டியல், சுற்றளவு, புகைப்படங்கள், பட்டா, சிட்டா, அடங்கல், புலப்பட நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன. வெட்டும் மரங்களுக்கு ஈடாக அதே நிலத்தில் (மர வகை, எண்ணிக்கை) நட்டுப் பராமரிக்க உறுதி கூறுகிறேன். நிலத்தை ஆய்வு செய்து அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.*

நேரில் கொடுத்தால் ஒப்புகை முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். அஞ்சலில் அனுப்பினால் ஒப்புகை அட்டையோடு பதிவு அஞ்சல். கடைசி வரியில் உள்ள நடவு உறுதியைச் சடங்காக எழுத வேண்டாம். எந்த மரம், எங்கே, எப்போது என்று எழுதியவர் மனு தனித்துத் தெரியும்.

நான்காவது, கள ஆய்வு. வனவரும் வருவாய்த் துறையினரும் வரும் நாளில் நீங்களோ விவரம் தெரிந்த ஒருவரோ நிலத்தில் இருக்க வேண்டும். தோட்டக்காரரை மட்டும் நிறுத்திவிட்டு நீங்கள் கோயம்புத்தூரில் இருந்தால், “எந்த மரம்னு தெரியலீங்க” என்ற ஒரு பதிலில் கோப்பு மூன்று மாதம் தூங்கும். எல்லைக் கல்லைப் புதரிலிருந்து விடுவித்து வைத்திருங்கள்.

ஐந்தாவது, குழுவின் முடிவு. அனுமதி வந்தால் அதில் நான்கைப் பாருங்கள்: எத்தனை மரம், எந்த எண்கள், எந்தத் தேதிக்குள், என்ன நிபந்தனை. பத்துக்கு அனுமதி வாங்கிப் பதினொன்றை வெட்டினால், அந்த ஒன்று அனுமதி இல்லாமல் வெட்டியதுதான். மறுத்து உத்தரவு வந்தால் மேல்முறையீட்டுக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. உத்தரவு கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள். நாள் எண்ணிக்கை அங்கிருந்துதான் தொடங்கும்.

விழப்போகும் மரம்

மலையில் எல்லா நேரமும் குழு கூடும் வரை காத்திருக்க முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அப்படிப்பட்ட இரவில் கற்பூர மரம் வேரோடு சாய்வதற்கு மனுவையோ முத்திரையையோ எதிர்பார்ப்பதில்லை.

சாயும் மரம் முன்கூட்டியே சில அடையாளங்களைக் காட்டும். சரிவின் மேல் பக்கம் வேரடியில் மண் வெடித்து அரை வட்டமாகப் பிளவு ஓடும். தண்டின் அடியில் தட்டினால் பறை போல் ஒலிக்கும். அடித்தண்டில் தட்டுத் தட்டாகக் காளான் முளைக்கும். சென்ற ஆண்டு நேராக நின்றது இந்த ஆண்டு சாய்ந்து, நுனி மட்டும் மேல் நோக்கி வளைந்திருக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மழைக்காலத்துக்கு முன்பே மனுக் கொடுங்கள். தென்மேற்குப் பருவமழையை அதிகம் வாங்கும் கூடலூர், பந்தலூர், குந்தாக்காரர்கள் மார்ச் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையை அதிகம் வாங்கும் குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு ஆகஸ்ட் வரை நேரம் உண்டு.

ஆபத்து தலைக்கு மேல் வந்துவிட்டால் கோட்டாட்சியரிடமும் வட்டாட்சியரிடமும் நேராகப் போங்கள். பேரிடர் காலத்தில் ஆட்சியருக்கு உடனடி உத்தரவு போடும் அதிகாரம் 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் உண்டு. மின்கம்பிமேல் சாய்ந்தது என்றால் மின்வாரியத்துக்குச் சொல்லிக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்திய பிறகே எவரும் அருகே போக வேண்டும்.

பக்கத்து நிலத்து மரம் உங்கள் வீட்டின் மேல் சாய்கிறது, சொந்தக்காரரோ அசைவதாக இல்லை. அப்போது என்ன செய்வது? முதலில் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். “அண்ணே, உங்க மரத்துக்கு வெட்டுக்கூலி நான் தர்றேன், மனுவுல கையெழுத்து மட்டும் போடுங்க” என்ற பேச்சில் முடிந்த வழக்குகள் ஏராளம். அதிலும் முடியாவிட்டால், நிர்வாக நடுவர் முன் மனுச் செய்யலாம். விழுந்து ஆளுக்குச் சேதம் செய்யக்கூடிய மரத்தை அகற்றவோ, முட்டுக் கொடுக்கவோ, அல்லது ஏன் செய்யவில்லை என்று விளக்கம் தரவோ உரியவருக்கு அவர் ஆணையிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவு.

விழுந்துவிட்ட மரத்துக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. அறுத்து அடுக்குவதற்கு முன் படம் எடுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரகத்துக்கும் தகவல் கொடுங்கள். வேர் பெயர்ந்து கிடக்கும் படம் இல்லாவிட்டால், அது காற்றில் விழுந்ததா வாளில் விழுந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பழங்குடி ஊர்களுக்கு

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஊர்கள் பலவற்றுக்கு, பட்டாவைவிட 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் முக்கியம். பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சாலை போன்ற குறிப்பிட்ட ஊர் வசதிகளுக்காக வன நிலத்தைக் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாகவும், வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். ஒப்பந்தக்காரர் இயந்திரத்தோடு வந்து நிற்கும்போது ஊர்ப் பெரியவர் கேட்க வேண்டியது ஒரே காகிதம்: கிராம சபைத் தீர்மானத்தின் நகல்.

வெட்டும் நாளும் அதற்குப் பிறகும்

அனுமதி நகல் ஒன்று வெட்டும் இடத்தில் இருக்கட்டும். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் தள்ளிப் போடுங்கள்; 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கூட்டையும் முட்டையையும்கூடக் கணக்கில் எடுக்கும். உச்சியிலிருந்து கிளை கிளையாகக் கயிறு கட்டி இறக்கத் தெரிந்த ஆளை வையுங்கள். பவர் வாள் வைத்திருப்பவர் எல்லாம் சரிவில் மரம் சாய்க்கத் தெரிந்தவர் என்று எண்ண வேண்டாம்.

அடிக்கட்டையைத் தோண்டாதீர்கள். புதிதாக வருபவர்கள் அதிகம் செய்யும் தவறு இது. மரம் போனாலும் அதன் வேர் சில ஆண்டுகள் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். அது மக்கி இற்றுப்போகும் காலத்தில்தான் சரிவு மிகவும் பலவீனப்படும். ஆகவே ஆபத்து வெட்டிய மாதத்தில் வராது. எல்லோரும் மறந்துபோன மூன்றாவது, நான்காவது மழைக்காலத்தில் வரும். பழைய வேர் இறப்பதற்குள் புதிய வேர் இறங்கியிருக்க வேண்டும் என்பதே கணக்கு. முடிந்தால் வெட்டுவதற்கு ஓராண்டு முன்பே பக்கத்தில் கன்று வைத்துவிடுங்கள்.

கற்பூர மரத்தின் கட்டை மறுபடி துளிர்க்கும். சீகையின் விதையோ மண்ணில் பல ஆண்டுகள் தூங்கும். வெளிச்சம் பட்டதும் பாய் விரித்ததுபோல் முளைக்கும். ஒரு சீகையை வெட்டி ஆயிரம் சீகையை வளர்த்துவிடாமல் இருக்க, அடுத்த சில ஆண்டுகள் மழைக்குப் பின் நாற்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். அந்த இடத்தில் காட்டு நாவலும் செண்பகமும் வையுங்கள். உறைபனி விழும் பள்ளங்களில் முதல் இரண்டு குளிர்காலம் கன்றுக்குப் புல் கூடாரம் போட்டு மூடுவது அவசியம்.

இன்னும் சில, சுருக்கமாக: பிடிக்காத மரத்தின் தண்டில் துளை போட்டுப் பெருங்காயம் வைப்பது, பட்டையை வளையமாக உரிப்பது, அடியில் நெருப்பு மூட்டுவது எல்லாம் பழைய தந்திரங்கள். வனவருக்கும் தெரியும். பட்டுப்போன மரத்தின் அடியை அவர் முதலில் பார்ப்பதே அதற்காகத்தான். வெள்ளிக்கிழமை மாலை வெட்டி ஞாயிறு இரவுக்குள் அப்புறப்படுத்தும் வழக்கமும் பழையது. அடிக்கட்டை திங்கட்கிழமையும் அங்கேதான் இருக்கும்.

ஒரு மரப் பதிவேடு

இந்த அத்தியாயத்தில் ஒரு காரியம் மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். கோடு போட்ட ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் புலப்பட நகலை ஒட்டுங்கள். நிலத்தில் இன்று நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வரி: எண், வகை, சுற்றளவு, நிற்கும் இடம், நட்டதா முளைத்ததா, குறிப்பு. ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கல் விடுமுறையில் மலை காய்ந்திருக்கும்போது, நோட்டோடு நிலத்தைச் சுற்றி வந்து சாய்வையும் வெடிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். புதுக் கன்று வைத்தால் அன்றே தேதியோடு எழுதி, நாற்றங்கால் ரசீதைப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

இன்று நீங்கள் வைக்கும் சில்வர் ஓக், வெட்டும் பருவத்துக்கு வருவதற்குள் நிலம் உங்கள் மகள் பெயரிலோ, முகம் தெரியாத வேறொருவர் பெயரிலோ மாறியிருக்கலாம். அன்று ஒரு வனவர் வந்து, “இதை யார் நட்டது?” என்று கேட்பார். நோட்டை எடுத்துக் காட்ட வேண்டியதுதான்.